என் வானில் ஒரு கனடா சீட்

போன கிழமை எங்கள் வான் ஸ்டாண்டிலிருந்து உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். "அண்ணை, அதிவேகப் பாதையில பின்னால இருக்கிறாக்களும் இப்ப பெல்ட் போட வேணுமாம். பாதையை விட்டு இறங்கின உடனே கழட்டச் சொல்லலாமோ, இல்லாட்டி தம்புள்ளை வரைக்கும் போட்டுக்கொண்டு வரவேணுமோ?" என்று கேட்டார்.

நான் வான் ஓட்டுவதை விட்டு இரண்டு வருடமாகிறது. கண்ணில் படலம் வந்து, எதிரே வருவது லொறியா கோயில் தேரா என்று யோசிக்கிற நிலைமை. இருந்தும் இந்த மாதிரிச் சந்தேகத்துக்கு என்னைத்தான் தேடுகிறீர்கள். காரணம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாசலிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் எந்த இடத்தில் பெல்ட் போடவேண்டும், எந்த இடத்தில் கழற்றலாம் என்ற விஷயத்தில் என்னை மிஞ்சிய பண்டிதன் அந்த ஸ்டாண்டில் இருந்ததில்லை.

ஃபோனிலேயே விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். ஹபரணைச் சந்தி வரை வந்துவிட்டு, என் வாயை நானே பிடித்து நிறுத்தினேன். "பிறகு சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிட்டேன். பிறகு சொல்வதென்று சொன்னது இதைத்தான். எழுத்தில் சொல்வதற்கும் காரணம் உண்டு. நேரில் வந்து சொன்னால் கடைசியில் அதையும் ஒரு பகிடியாக்கிச் சிரிக்கவைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

முதலில் என் பாண்டித்தியத்தைக் காட்டிவிடுகிறேன். முன்னால் இருக்கிற இரண்டு பேரும் ஆசனப்பட்டி அணியவேண்டும் என்று சட்டம் வந்தபோது அது நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகத்தான் வந்தது. காகிதத்தில் ஒன்று. ரோட்டில் ஓடுகிறவனுக்கு அது வளைவுக்கு வளைவு வேறு. டவுனுக்குள் பெல்ட் போட்டால் "என்ன அண்ணை, கொழும்பு ஹயரோ?" என்று கேட்பார்கள். சாம்பல்தீவுப் பக்கம் போட்டால் நெஞ்சில் ஏதும் வருத்தமோ என்று விசாரிப்பார்கள். கண்டி வீதியில் கப்பல்துறை தாண்டும் வரைக்கும் என் பெல்ட் தன் பாட்டில் கதவுத் தூணில் தொங்கும். கந்தளாய்க்குப் பிறகு கை மெல்ல அதைத் தேடும். ஹபரணையில் தோளில் ஏறும். தம்புள்ளை தாண்டினால் ஒழுங்காக மாட்டப்படும். கொழும்புக்குள் நுழைந்துவிட்டால் நான் தாயின் வயிற்றிலிருந்தே பெல்ட்டோடு வந்தவன்.

திரும்பி வரும்போது இதே சடங்கு தலைகீழாக நடக்கும். முன் சீட்டில் இருக்கிறவரிடம், "இனிக் கழட்டுங்கோ, எங்கட இடம் வந்திட்டுது" என்று நான்தான் அறிவிப்பேன். அவரும் பெருமூச்சு விட்டுக் கழற்றுவார். வெளியூரில் செருப்போடு நின்றவன் வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிவிடுகிற மாதிரி ஒரு சுகம் அதில் இருந்தது. பெல்ட் இல்லாத இடம்தான் சொந்த இடம் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

எதிரே வருகிற வான்காரர் ஒருவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கித் தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினால், அங்கே பெல்ட் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சைகையை எங்கள் ஸ்டாண்டில் முதலில் தொடக்கியவன் நானே என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் ஒரு அநுராதபுரத்து பஸ் சாரதியிடமிருந்து பொறுக்கியது.

சாய்த்துப் போடுகிற வித்தையும் எனக்குத் தெரியும். பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே விட்டு, அதன் நாக்கைத் தொடைக்குக் கீழே சொருகிக்கொண்டு இருப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான் சட்டத்துக்கு அடங்கிய பிரசை. மாட்டுகிற சிரமமும் இல்லை, கழற்றுகிற சிரமமும் இல்லை. தென்பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு நாள் வெயிலில் நின்ற பொலிஸ்காரர் என் வானை மறித்தார். நான் பூணூல் போட்ட ஐயர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அவருக்குத் தமிழ் ஓரளவு வந்தது.

"ஐயா, கொஞ்சம் கீழ எறங்குங்க."

நானும் பத்திரங்களை எடுத்துக்கொண்டு சட்டென்று இறங்கி, அவர் முன்னால் போய் நின்றேன். அவர் பத்திரங்களைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார்.

"பெல்ட் போட்டுத்தானே இருந்தீங்க?"

"ஓம் சேர்."

"எப்ப கழட்டினீங்க? நான் காணல்லயே."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு விநாடிகூட நிற்கவில்லை. லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் துண்டு எழுதித் தந்தார். துண்டைத் தரும்போது, "ஐயா, பெல்ட் எனக்கு இல்ல, ஒங்களுக்கு" என்றார். பெரிய தத்துவம் சொல்லுகிறார் என்று மனதுக்குள் சிரித்தேன். ஸ்டாண்டுக்கு வந்து அவருடைய தமிழைப் பாவித்து நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடிப்பு நன்றாக இருந்ததால் அவர் சொன்னது என்ன என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

அடுத்த கெட்டித்தனம் உறை விஷயத்தில். வானுக்குப் புது ரெக்சின் உறை தைக்கக் கிண்ணியாவில் ஒரு குஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்; கைத்தொழிலில் மிகவும் சுத்தமானவர், அதிகம் பேசாதவர். மெரூன் நிறத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பின் சீட் பெல்ட்டுகளுக்கு ஓட்டை விடணுமா அண்ணன்?" என்று கேட்டார்.

"என்னத்துக்கு நானா? புதுச் சாறியில ஆரும் ஓட்டை போடுவினமோ?"

"பெல்ட் எல்லாம் உள்ளுக்குப் போயிடும்."

"போகட்டும். அதை ஆர் தேடுறது?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தைத்தார். பின்னால் இருந்த அத்தனை பெல்ட்டும் பக்கிளும் மெரூன் ரெக்சினுக்குக் கீழே போய்விட்டன. இருக்கை முழுவதும் ஒரு சுருக்கம் இல்லை. நான் அதைத் துடைத்துத் துடைத்து மகிழ்ந்தேன். வருகிற போகிறவர்களை எல்லாம் ஏற்றி இருத்திக் காட்டினேன்.

அந்த உறையை முதலில் கிழித்தவன் நானேதான். கிழிக்க வைத்தது ஏழு வயதுப் பெண்பிள்ளை.

கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நிலாவெளிப் பக்கத்து ஆட்கள், அங்கே போய்ப் பல வருடம். தாய், தகப்பன், இந்த மகள். விமான நிலையத்தில் அவர்களை ஏற்றப் போனேன். பெட்டிகளோடு ஒரு சின்னக் கதிரையும் தள்ளுவண்டியில் வந்தது. கால் இல்லாத கதிரை. எங்கள் ஊரில் குந்தியிருக்கக் கதிரை இல்லையென்று நினைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மேலே சாமான் தட்டில் ஏற்றப்போனேன்.

"அண்ணா, அதை மேல வைக்கவேண்டாம். பிள்ளை இருக்கிறதுக்கு" என்றார் தாய். அதை அடியில் வைத்து, பிள்ளையை அதன்மேல் இருத்தி, பெல்ட்டைக் குறுக்கே போடவேண்டுமாம். அப்போதுதான் பெல்ட் கழுத்தில் வெட்டாமல் தோளில் வருமாம்.

பிள்ளை ஏறினாள். மெரூன் சீட்டைத் தடவினாள். இரண்டு பக்கமும் கையைவிட்டுத் தேடினாள்.

"அங்கிள், பெல்ட் எங்க?"

"இஞ்ச பின்னால தேவையில்லை பிள்ளை. எங்கட சட்டத்தில முன்னால மட்டும்தான்."

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் இறங்கி, கீழே நின்றுகொண்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மழை பெய்கிறது, நனைய மாட்டேன் என்கிற மாதிரி நின்றாள். தகப்பன், "ஒருநாள் தானே செல்லம், அப்பா பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று கெஞ்சினார். தாய் சொன்னார்: "அங்க பிள்ளைக்குப் பெல்ட் போடாமல் ஓடினா ரைவருக்குத்தான் தண்டம் அண்ணா. பிள்ளையளுக்கு அதைச் சொல்லித்தான் வளர்க்கிறது. இப்ப ஏறு எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

பின்னால் வாகனங்கள் ஹோன் அடித்தன. காவலுக்கு நின்றவர் எடு எடு என்று கையைக் காட்டினார். நான் நெருக்கடியில் எடுத்த முடிவுகளில் அது ஒன்றுதான் உருப்படியானது, அதையும் முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தேன். கருவிப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, கதவுப் பக்கத்துச் சீட்டின் உறையை இரண்டு இடத்தில் கிழித்தேன். உள்ளேயிருந்து பெல்ட்டும் பக்கிளும் வெளியே வந்தன. பிள்ளை ஏறி, தன் கதிரையில் இருந்து, தானே மாட்டினாள். கிளிக் என்று சத்தம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், இனி நீர் ஓடலாம் என்று அனுமதி தருகிற மாதிரி.

அவர்கள் பத்து நாள் நின்றார்கள். ஓட்டம் முழுவதும் என்னோடுதான். ஒரு நாள் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்தார்கள். பிள்ளை என் மனைவியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வானில் ஏற்றி, பெல்ட் மாட்டக் கற்றுக்கொடுத்தாள். "ஆன்ட்டி, கிளிக் எண்டு சத்தம் கேக்கவேணும். கேக்காட்டி சரியில்லை." என் மனைவி நாலைந்து தரம் மாட்டிக் கழற்றி, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக வான்காரனின் மனைவி. பெல்ட் மாட்ட அவளுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு அந்தச் சீட்டுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன்: கனடா சீட். ஸ்டாண்டில் அது பெரிய பகிடியாகிப் போனது. "என்ர வான் ஒரு உலகமடாப்பா. முன்னுக்கு இரண்டு சீட்டும் கொழும்புச் சட்டம். கதவடிச் சீட் கனடாச் சட்டம். மிச்சமெல்லாம் எங்கட சட்டம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். வேறு வெளிநாட்டுக்காரர் பெல்ட் கேட்டால் அந்தச் சீட்டைக் காட்டுவேன். எங்கள் ஆட்கள் யாராவது அதில் இருந்தால், "கவனம், பாஸ்போட் கேப்பாங்கள்" என்பேன். மற்றச் சீட்டுகளின் உறையையும் வெட்டிவிட்டால் என்ன என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பகிடி போயிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் என் வாயால் முன்னமே கேட்டவை. இனிச் சொல்லுவதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் என் மனைவியின் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளாகி, சாமத்தியவீடு. நான், மனைவி, அவளின் தங்கை, தங்கையின் புருஷன், நாலு பேரும் என் வானில் போனோம். பகல் சாப்பாடு முடிந்து, பின்நேரம் நாலு மணி போலத் திரும்ப வெளிக்கிட்டோம். சகலன் என்னோடு முன்னால். தங்கை பின் வரிசையில் ஜன்னல் பக்கம். மனைவி, ஏறி இறங்க வசதியென்று, கதவடிச் சீட்டில். அந்தச் சீட்டுக்கு முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, படியும் வெறும் இடமும்தான்.

வான் ஊரைத் தாண்டவில்லை. பின்னால் கிளிக் என்று ஒரு சத்தம்.

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். புதுச் சாறிக்கு மேலால் பெல்ட்டை அழகாகப் போட்டு, மடிப்புக் கலையாமல் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்ன சத்தமப்பா அது? ஆரோ கனடாவுக்கு வெளிக்கிட்டினம் போல" என்றேன்.

சகலன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். தங்கையும் சிரித்தாள். ஆட்கள் சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"இந்த ரோட்டில ஆர் பெல்ட் போடுறது? என்ர ஓட்டத்தில நம்பிக்கை இல்லையோ? சனம் பார்த்தா, கட்டின மனிசியே பயந்து கட்டிக்கொண்டு போறா, இவன் இப்பதான் ஓடப் பழகிறான் எண்டு நினைக்கும். கழட்டும், கழட்டும்."

"இல்லையப்பா, சும்மாதான் போட்டனான்" என்றாள். மீண்டும் கிளிக். கழற்றும்போதும் அது அதே சத்தம்தான் போடும்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. தங்கைக்கு முன்னால் பகிடி பண்ணியிருக்க வேண்டாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு சகலனோடு சாமத்தியவீட்டுச் சமையலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

பத்து நிமிடம் போயிருக்காது. வயல் நடுவே நேரான ரோடு. வரம்பில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் எருமை இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கத்துப் புல்லுக்குள்ளிருந்து கன்று ஒன்று பாய்ந்தது. நான் வேகமாக ஓடவில்லை. ஐம்பதுக்கு மேலே இருக்கவில்லை. அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? மாட்டுக்காக ஸ்டியரிங்கை வெட்டாதே, பிரேக்கை மட்டும் பிடி. வெட்டியிருந்தால் வயலுக்குள் உருண்டிருப்போம். நான் வெட்டவில்லை. நேரே பிடித்து, முழுப் பிரேக்கும் போட்டேன். வான் கன்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஒரு சாரதியாக என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான பிரேக் அதுதான். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடியது. வானில் ஒரு கீறல் இல்லை. சகலனுக்கு முழங்காலில் சின்ன அடி. தங்கை முன் கம்பியைப் பிடித்துத் தப்பிவிட்டாள். பிடிக்க ஒன்றும் இல்லாத சீட்டில் இருந்தவள் மட்டும் முன்னால் தூக்கி எறியப்பட்டு, என் சீட்டின் பின் இரும்பில் வலது தோள் அடிபட்டு, படிக்குள் கிடந்தாள். அவள் கத்தவில்லை. "கண்டுக்குட்டிக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை.

அவளைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். அந்தச் சீட் முழுவதும் சுருக்கமில்லாத மெரூன் ரெக்சின். ஒரு பெல்ட்டைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. தங்கை தரையில் குந்தியிருந்து அவளைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் அன்றைக்கு ஓடின மாதிரி மெதுவாக ஒருநாளும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் தோள் எலும்பும் மேல்கை எலும்பும் உடைந்திருக்கிறது என்றார்கள். அடுத்த நாள் வாக்குமூலம் எடுக்கப் பொலிஸிலிருந்து ஒருவர் வந்தார். இளம் ஆள், எங்கள் மொழி பேசுகிறவர், மரியாதையானவர். வானைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அம்மா, நீங்கள் இருந்த சீட்டில மட்டும் பெல்ட் வெளியில இருக்கு. நீங்கள் போடேல்லையோ?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் மூடத் தெரியாதவன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். லைசன்ஸ் போய்விடுமோ, வழக்கு வந்துவிடுமோ, ஸ்டாண்டில் என்ன கதைப்பார்கள் என்று ஓடியது மனம். சிரிக்காதீர்கள், ஸ்டாண்டைப் பற்றியும்தான் யோசித்தேன்.

"போட மறந்துபோனன் தம்பி" என்றாள் அவள். "இவர் மெதுவாத்தான் ஓடினவர். கண்டு பாய்ஞ்சிட்டுது."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அவளுக்கு வலது கை கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் பெருவிரல் அடையாளம் வைத்தாள். எட்டாம் வகுப்புவரை படித்து, முத்து முத்தாகக் கையெழுத்து வைக்கிறவள். நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொய் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு வானைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். "எல்லாச் சீட்டுக்கும் ஓட்டை வெட்டுங்கோ நானா" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எப்படியோ கதை அவர் காதுக்கும் போயிருந்தது. ஒவ்வொரு பெல்ட்டாக வெளியே எடுத்து, தூசு துடைத்து, ஓட்டையின் ஓரத்தை நூல் பிரியாமல் மடித்துத் தைத்தார். முடியும்போது, "அக்காட கை எப்படி அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அழுதுவிட்டேன். அவர் கடைக்குள் போய் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு ஓடிய கடைசி வருடங்களில் என் வானில் எல்லோரும் பெல்ட் போட்டார்கள். சாம்பல்தீவுக்குப் போனாலும் போட்டார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் வேறு வான் பிடித்தார்கள். "அண்ணைக்கு மண்டை பிழைச்சிட்டுது" என்று நீங்களே சொன்னதும் என் காதில் விழுந்தது. ஏனென்று நான் சொல்லாதது என் பிழை. சைகை காட்டுவதை விட்டுவிட்டேன், எதிரே வருகிறவர் காட்டினால் கும்பிடு போடுவேன்.

அவளின் கை ஆறிவிட்டது. தோளுக்கு மேலே மட்டும் எழும்பாது. சமைப்பாள், கூட்டுவாள், தலையை வாரிக்கட்ட மட்டும் ஏலாது. அதனால் காலையில் அவளின் தலையை நான்தான் பின்னிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த கைக்கு மூன்று கால் மயிரைச் சமமாகப் பிரிக்கத் தெரியவில்லை. பின்னல் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். கோயிலுக்குப் போகிற நாளில் தங்கையைக் கூப்பிடுகிறாள். மற்ற நாட்களில் என் பின்னலோடுதான் கடைக்கும் போகிறாள்.

இதுவரை எழுதியதை இன்று காலை பின்னும்போது அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். பொலிஸுக்குச் சொன்ன பொய்யையும் எழுதியிருக்கிறேன் என்றேன். எழுதுங்கோ, அதுக்கென்ன என்றாள். பிறகு கேட்டாள்:

"உங்கட பகிடிக்கு வெக்கப்பட்டு நான் கழட்டினன் எண்டோ எழுதியிருக்கிறீங்கள்?"

"ஓம். அதுதானே நடந்தது."

"அது பிழை. கலியாணம் கட்டின நாள் தொடங்கி உங்கட பகிடியைக் கேக்கிறன். அதுக்கெல்லாம் நான் எப்ப வெக்கப்பட்டனான்? நீங்கள் ரைவர். தேவையில்லை எண்டு நீங்கள் சொன்னா, தேவையில்லாமல்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

பின்னல் என் கையிலிருந்து அவிழ்ந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

தம்பிமாரே, உங்கள் வானில் ஏறுகிறவர்களும் அப்படி நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.